நீலம் பூசிய வீடு

மூர்த்தினியைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவள் என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர்களிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள். நான் அவளுடைய ஓரகத்தி, பெயர் ரஸ்மினி. என் கணவர் கெடே சுதர்சா அண்ணன், அவள் கணவன் கோமாங் விர்தா தம்பி. ஒரே மதில், ஒரே வாசல், ஒரே வீட்டுக் கோயில். முற்றத்துக்கு வடக்கே என் அறையும் அடுப்பும், மேற்கே அவளுடையது. நாற்பத்திரண்டு வருஷமாக அவள் அடுப்பில் என்ன வதங்குகிறது என்று என் மூக்கு சொல்லிவிடும். அவள் மிளகாய்ச் சம்பல் அரைத்தால் எனக்கு எச்சில் ஊறும், உடனே வயிறும் எரியும்.

இரண்டு பேரும் ஒரே வருஷம் இந்த வீட்டுக்கு வாழ வந்தோம். அவள் மலைப்பக்கத்துப் பன்றி வியாபாரி மகள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நான் ஒன்பது வகுப்பு படித்தவள். அந்தக் கணக்கில் நான்தான் மேலே இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு முடி முழங்கால் வரை, எனக்குத் தோள் வரை. அவள் வந்த நாலாம் மாதமே வாந்தி எடுத்தாள், நான் ஒரு வருஷம் காத்திருந்தேன். அவளுக்கு முதலில் பையன், எனக்குப் பெண். இரண்டாவதும் அவளுக்குப் பையன், எனக்குப் பெண். கோயில் மணியடித்து எனக்கு மட்டும் கேட்காமல் போனதுபோல இருந்தது. எரிச்சலை முகத்தில் காட்டாமல் அவள் பிள்ளைக்கு நானே அரிசிக் கஞ்சி ஊட்டியிருக்கிறேன். என்ன இருந்தாலும் பிள்ளை என்ன பாவம் செய்தது.

எங்கள் பாலியில் பிள்ளைக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. முதலாவது வாயான், புத்து அல்லது கெடே, இரண்டாவது மாடே அல்லது காடெக், மூன்றாவது நியோமான் அல்லது கோமாங், நாலாவது கெத்துட். பெயரைச் சொன்னாலே எத்தனையாவது என்று தெரிந்துவிடும். என் முழுப் பெயரே கெத்துட் ரஸ்மினிதான். நாலு பெண்ணில் நாலாவது. எனக்குப் பிறகு ஐந்தாவதைப் பெறும்போது அம்மா போய்விட்டாள். அப்பாவின் வயலைப் பங்கு போட்டபோது பெரியப்பா மகன்களுக்குக் கிடைத்த துண்டில் எருமையைத் திருப்ப இடமில்லை. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். ஆகவே குடும்பக் கட்டுப்பாட்டு வேலைக்கு ஊருக்கு ஓர் ஆள் வேண்டும் என்று வந்தபோது, முதலில் கை தூக்கினேன்.

நீலச் சட்டை, தோல் பை, ஒரு பழைய மொபெட் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் ‘ரெண்டு போதும்’ என்று சொல்வேன். சொல்கிறவள் செய்து காட்ட வேண்டாமா? இரண்டாவது பெண் காடெக் பிறந்ததும் நானே முதலில் கருத்தடை வளையம் போட்டுக்கொண்டேன். என் கணவர் ஒரு பையனுக்கு ஆசைப்பட்டார். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தம்பி பிள்ளைகள் பட்டம் விடுவதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எங்கள் பஞ்சாங்கத்தில் மாதம் என்றால் முப்பத்தைந்து நாள்; மாதம் ஒருமுறை ஊர் ஆண்கள் சபை மண்டபத்தில் கூடுவார்கள். குடைந்த மரத்தைத் தட்டும் சத்தம் கேட்டால் வரவேண்டும். கோயில் வேலை, வாய்க்கால் தண்ணீர் எல்லாம் பேசி முடித்ததும் சபைத் தலைவர் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவன் எழுந்து தன் பெண்டாட்டி நிலவரத்தைச் சொல்ல வேண்டும். “வளையம்.” “மாத்திரை.” “வயித்துல இருக்கு.” “இன்னும் ஒண்ணுமில்ல.” தன்னிடம் எத்தனை வாத்து இருக்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். சுவரில் ஊரின் வரைபடம் இருக்கும். வளையம் போட்ட வீட்டுக்கு நீலம், மாத்திரை சாப்பிடும் வீட்டுக்குச் சிவப்பு, ஒன்றும் செய்யாத வீட்டுக்கு வெறும் வெள்ளை. வண்ணம் தீட்டுவது என் வேலை. நூற்றுப் பதினெட்டு வீடு. நான் தூரிகை எடுத்தால் மண்டபமே அமைதியாகிவிடும். அந்த ஒரு நேரத்தில் மட்டும் மூர்த்தினியின் முடி எனக்கு ஞாபகம் வராது.

அவள் அதற்குள் மூன்றாவதும் பெற்றுவிட்டாள், ஒரு பெண். நான் அவள் வாசலில் நின்று பாடம் எடுத்தேன்.

“ரெண்டு போதும்னு ஊரெல்லாம் சொல்றேன். என் வீட்டுக்குள்ளயே மூணு. என் மானம் போகுதுடி.”

அவள் பாக்கு வெட்டிக்கொண்டே சொன்னாள். “அக்கா, உங்கம்மா ரெண்டோட நிறுத்தியிருந்தா இன்னைக்கு என் வாசல்ல நின்னு யாரு கத்துறது?”

அவளைக் கையோடு இழுத்துப் போய் வளையம் போடவைத்தேன். அவள் வீட்டுக்கும் நீலம் தீட்டினேன். இரண்டு விரல் அகலச் சதுரத்தில் பாதி என் வீடு, பாதி அவள் வீடு. இரண்டும் நீலம்.

பத்து வருஷம் கழித்து அந்தப் போட்டி வந்தது. வெள்ளையே இல்லாத ஊருக்கு இருபத்தொரு அங்குலக் கலர் டிவி பரிசு, மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளலாம். எங்கள் வரைபடத்தில் வெள்ளையே இல்லை. பார்வையிட வருகிறவர்கள் வர ஐந்து நாள் இருந்தது. அன்று காலை ஊற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது மூர்த்தினி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, அது விழுந்துடுச்சு.”

“எது?”

“அதான். நீங்க போட வெச்சது.”

இடம், பொருள் பார்க்காமல் சொல்வதில் அவளுக்கு நிகர் அவள்தான். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன்.

“யார்கிட்டயும் சொல்லாதே. பார்வைக்கு வர்றவங்க வந்துட்டுப் போகட்டும். அடுத்த மாசம் நர்ஸ் வருவாங்க, வேற போட்டுக்கலாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் உன் புருஷனை என் புருஷனோட வயக்காட்டுக் குடிசையில படுக்கச் சொல்லு.”

சிரித்துக்கொண்டே போனாள். நான் வரைபடத்தில் அவள் சதுரத்தைத் தொடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்றால் அது அன்றுதான். பார்வையிட வரவேண்டியவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டு, நாலு மாதம் கழித்துத்தான் வந்தார்கள். நர்ஸும் இடையில் வரவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்தினால் வளையம் விழுந்த கதை வெளியே வந்துவிடும். கோமாங் விர்தா எந்தக் குடிசையிலும் படுக்கவில்லை என்பது, இடைக்கச்சை அவள் இறுக்கிக் கட்ட ஆரம்பித்ததில் தெரிந்தது.

வந்திருந்த அம்மாள் ஒருத்தி வரைபடத்தைப் பார்த்தாள், வெளியே கூட்டத்தில் நின்ற மூர்த்தினியைப் பார்த்தாள், மறுபடி வரைபடத்தைப் பார்த்தாள். “இவங்க வீடு எது?” என்று கேட்டாள். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூர்த்தினியைக் காட்டி, “இவளே பிடுங்கிப் போட்டிருப்பா. எனக்குத் தெரியாம செஞ்சிட்டா” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. கோமாங் விர்தா எழுந்து கும்பிட்டு, “தப்பு எங்க மேலதான்” என்றான். டிவி பக்கத்து ஊருக்குப் போனது. எங்களுக்கு மூன்றாம் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கிடைத்தது. தண்டனையாக ஒரு வருஷம் கூட்டத்துக்குக் கூட்டம் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கினான் விர்தா. அந்தக் கடிகாரம் இன்னும் அங்கே பத்து நிமிஷம் பிந்தி ஓடுகிறது.

அப்படிப் பிறந்தவன்தான் கெத்துட். முப்பத்தாறு வயதில் அவளுக்கு வந்த நாலாவது, பையன். ஊரே அவனை ‘டிவியை விழுங்கினவன்’ என்று கூப்பிட்டது. உலகக் கோப்பைப் பந்து விளையாட்டை நாலு மைல் நடந்து பக்கத்து ஊரில் பார்க்கும்போதெல்லாம் பெரியவர்கள் அவன் வயிற்றில் தட்டி, “டேய், சேனலை மாத்துடா” என்பார்கள். அவனும் வயிற்றை அமுக்கி ஒரு சத்தம் போடுவான். மூர்த்தினியும் சேர்ந்து சிரிப்பாள். நான் எழுந்து போய்விடுவேன்.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் நீலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நான் வீட்டோடு கிடந்திருப்பேன். சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மை இருக்கிறதே, அதுதான் என்னை அதிகம் எரித்தது. சண்டை போடுகிற ஓரகத்தியோடு வாழ்ந்துவிடலாம்.

காலம் புரண்டுவிட்டது. என் மூத்தவள் கட்டிக்கொண்டு போனாள். இளையவள் காடெக்குக்கு வீட்டோடு மாப்பிள்ளை தேடினோம். எங்களில் அது உண்டு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட்டால் பெண்ணே வாரிசு, கோயிலும் அவள் பொறுப்பு. பையன் இல்லாத வீடு அப்படித்தான் பிழைக்கும். ஆனால் வருவதற்குப் பையன் வேண்டுமே! எந்த வீட்டிலும் ஒரே பையன். அந்த ஒன்றையும் யார் விட்டுக் கொடுப்பார்கள்? காடெக்குக்குப் பிடித்த ஒருவன் இருந்தான். அவன் அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன்.

“ஒத்தைப் பையன் அக்கா” என்றாள். “மூணாவது பெத்துக்கறேன்னு நான் அழுதப்போ, வேணாம்னு மொபெட்டை நிறுத்திட்டு ஒரு மணி நேரம் பேசினது நீங்கதான். மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. அந்த வீட்டுக்கு நீலம் தீட்டியதும் ஞாபகம் இருந்தது. ஏழு வருஷம் தேடிக் களைத்து, முப்பத்திரண்டு வயதில் காடெக் அவன் வீட்டுக்கே போய்விட்டாள். நான் எப்படிப் போகாதே என்பேன்?

இந்த வருஷம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் நாலு பிள்ளை. அதில் ஒரு நியோமான் இல்லை, ஒரு கெத்துட் இல்லை. இப்போது மேலிடத்திலிருந்தே சொல்கிறார்கள், நாலு பெற்றுக்கொள்ளுங்கள், பெயர் அழிந்து போகிறது என்று. நல்லவேளை, அதைச் சொல்ல என்னை அனுப்பவில்லை.

என் கணவருக்கு அறுபத்தேழு வயது. போன மழைக்கு நெஞ்சு பிடித்துப் பத்து நாள் படுத்தவர், எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, “நம்ம கோயிலுக்கு நாளைக்கு யார் ஊதுவத்தி வெப்பாங்க?” எங்களில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் நம் சிதைக்கு முன்னால் நடக்க ஆள் இல்லை, செத்தவருக்குப் படையல் வைக்க ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் எங்கே போவார் என்று யாரும் சொல்லவில்லை. எங்கேயும் போகமாட்டார் போலிருக்கிறது. அவருக்குப் பயம். எனக்கும்தான்.

ஒரு வழி இருந்தது. தம்பி மகனை எடுத்து வாரிசாக்கலாம். மூர்த்தினியின் மூத்தவன் கப்பலில் சமையல்காரன், அடுத்தவன் தெற்கே ஹோட்டலில் வேலை செய்து அங்கேயே குடும்பமாகிவிட்டான். வீட்டில் இருந்தவன் ஒருவன்தான். நோய் வந்து ஹோட்டல்களெல்லாம் மூடிய வருஷம் திரும்பி வந்து, வாசலிலேயே மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன். எவன் பிறக்கக் கூடாது என்று நினைத்தேனோ, எவனுக்காக அவன் அம்மா மேல் பழி போட்டேனோ, அவன்.

பதினேழு நாள் முற்றத்தைக் கடக்க முடியவில்லை. பத்தடிதான். பதினெட்டாம் நாள் அவள் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது போய் உட்கார்ந்து, நானும் ஒரு கத்தியை எடுத்து நறுக்கினேன்.

“என்னக்கா, தண்டு நறுக்கவா வந்தீங்க?”

“இல்ல.”

“தெரியும். பத்து நாளா முற்றத்துல பாதி வரைக்கும் வந்து திரும்பிப் போறீங்க. கோழிக்குக்கூடத் தெரிஞ்சுபோச்சு.”

நான் கேட்டுவிட்டேன். எப்படிக் கேட்டேன் என்று ஞாபகமில்லை. அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அவனைக் கேளுங்க. அவன் சரின்னா எனக்குச் சரி.”

“நீ யோசிக்கவே இல்லையேடி!”

“யோசிக்க என்ன இருக்கு? விழுந்துடுச்சுன்னு சொன்னேன், நீங்க நீலத்தை அழிக்கல. அழிச்சிருந்தா நர்ஸ் வந்திருப்பாங்க, இவன் வந்திருக்கமாட்டான். நீங்க தீட்டின நீலத்துலதானே பொறந்தான்? பாதி உங்க பிள்ளைதான்.”

இருபத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக அதை வாயால் சொன்னாள். குற்றமாகக்கூடச் சொல்லவில்லை. பேராசைக்காரி என்று திட்டலாமென்றால் அதற்கும் வழியில்லை. வாரிசில்லாமல் நாங்கள் போனால் எங்கள் நிலம் எப்படியும் அவள் பிள்ளைகளுக்குத்தான் வரும். பேசாமல் இருந்தாலே எல்லாம் அவளுக்கு. இருந்தும் கொடுத்தாள். கொடுக்கவும் கையில் இருக்க வேண்டுமே! நாலு இருக்கிறவள் கொடுக்கிறாள், இல்லாதவள் வாங்குகிறாள். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வந்தது பொறாமைதான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

கெத்துட் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “வர்றேன் பெரியம்மா. டிவி வாங்கித் தருவீங்களா?”

தத்து எடுப்பதைச் சபையில் எல்லோர் முன்னாலும் அறிவிக்க வேண்டும். மறுப்பு உள்ளவர்கள் சொல்லலாம். அன்று பெண்களும் வந்திருந்தார்கள். அதே மண்டபம், அதே கடிகாரம். வரைபடம் எப்போதோ போய்விட்டது, அது இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுத்துக் கிடந்தது. சபைத் தலைவர் விஷயத்தைச் சொன்னார். பின்வரிசையில் ஒரு கிழவர், “டிவியை விழுங்கினவன் இப்ப பெரியப்பா சொத்தையும் விழுங்கப் போறானா?” என்று கேட்க, மண்டபமே சிரித்தது. கெத்துட்டும் சிரித்தான். இந்த முறை வயிற்றை அமுக்கிச் சத்தம் போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

நான் எழுந்தேன்.

“விழுங்கினது அவன் இல்ல, நான். அவ வளையம் விழுந்துடுச்சுன்னு என்கிட்ட அன்னைக்கே சொன்னா. பரிசுக்காக நான்தான் மறைச்சேன். அப்புறம் அவ மேல பழியைப் போட்டேன். கோமாங் விர்தா கூட்டின மண்டபத்தை நான் கூட்டியிருக்கணும்.”

கடிகாரம் ஓடுவது கேட்டது. பிறகு அந்தக் கிழவரே, “அப்போ இருபத்தஞ்சு வருஷமா தப்பான வயித்துல தட்டிக்கிட்டு இருந்திருக்கோம்” என்றார். மறுபடி சிரிப்பு. விர்தா துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. மூர்த்தினி வந்து என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து முதல் ஆளாக வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் வீட்டுக் கோயிலில் சடங்கு. பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவே நூலைப் பிடித்து, விளக்கில் காட்டி எரிக்க வேண்டும். நூல் அறுந்தால் அந்த வீட்டு உறவு விட்டது, இந்த வீட்டு உறவு ஒட்டியது என்று கணக்கு. பூசாரி மணியடித்துக்கொண்டிருந்தார். மூர்த்தினி நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“மகனைக் கேட்டீங்க, கொடுத்தேன். அதை ஏன்க்கா கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க?”

“எதைடி?”

“நீலச் சட்டை போட்டு மொபெட்ல நீங்க போவீங்க. ஊரே எந்திரிச்சு வழி விடும். நான் அடுப்புப் புகையில நின்னு பாப்பேன். வயிறு பத்தி எரியும். அப்போ நெனைச்சுக்குவேன், ‘இவங்க குடுமி என் கையில இருக்கு. நான் வாயைத் திறந்தா இவங்க அவ்வளவுதான்’னு. அதை நெனைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும். இருபத்தஞ்சு வருஷம் பத்திரமா வெச்சிருந்தேன். ஊரைக் கூட்டி நீங்களே அவுத்து விட்டுட்டீங்க. நல்லவங்கன்னு பேரும் வாங்கிட்டீங்க. இப்ப என்கிட்ட என்ன இருக்கு?”

நூல் கருகி அறுந்தது. அவள் கையில் ஒரு துண்டு, கெத்துட் கையில் ஒரு துண்டு. அவள் அழுதாள். எல்லோரும் மகனுக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். மகனுக்காகவும்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். அவளும் எரிந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, முழங்கால் வரை முடி உள்ளவள், நாலு பெற்றவள், இத்தனை வருஷமும் எரிந்திருக்கிறாள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் அவ்வளவு பெரிய பரிசு கொடுத்ததில்லை.

மறுநாள் காலை கெத்துட் குளித்துவிட்டு எங்கள் பெயரில் முதல் ஊதுவத்தியை ஏற்றி வைத்தான். என் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டு அது முழுதும் எரிந்து சாம்பலாகும்வரை நின்றார். பிறகு பையன் பழக்கத்தில் மேற்குப் பக்கம் நடந்தான். “உன் அடுப்பு வடக்க இருக்கு, அங்க போ” என்ற மூர்த்தினியின் குரல் கேட்டது. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தான். சோறும் சம்பலும் வைத்தேன். முதல் கவளத்தை வாயில் போட்டான். நான் நிமிர்ந்து பார்த்தேன். மூர்த்தினி அடுப்பில் எதையோ கருகவிட்டு, என் பக்கமே மூக்கைத் திருப்பி நின்றிருந்தாள்.

“கெத்துட், உப்பு சரியா இருக்காடா மகனே?” என்று, வேண்டுமென்றே, முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன்.